பிறந்தநாளைத் தேடியவர்கள்

(வட்டத்தின் திசம்பர்த் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திசம்பர்த் திங்களில் நடைபெறும் கூட்டம் என்பதால் கிறித்தவ இலக்கியம் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். வீரமாமுனிவரின் தேம்பாவணியை நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அந்தக் காப்பியத்தைப் பாடம் சொல்லும்போது எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவே இன்றைய உரைக்குத் தோற்றுவாய். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் தேம்பாவணி நடத்திக்கொண்டிருந்தேன். "இயேசு பிறந்தது திசம்பர் 25 தானா அம்மா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "இல்லை. அது உரோமையரின் கதிரவன் விழா. கிறித்தவர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள்" என்று ஒரே மூச்சில் விடை சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி துறை அறைக்கு வந்தாள். கிறித்தவக் குடும்பத்துப் பெண். கோபப்படவில்லை, வாதிடவும் இல்லை. "நேற்று நீங்கள் சொன்னதற்கு ஏடு உண்டா அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏட்டுச் சான்று இல்லாமல் எதையும் எழுதாதீர்கள் என்று ஆண்டு முழுதும் மாணவர்களிடம் ஓதுகிறவள் நான். அன்று என்னிடம் ஏடு இல்லை. எங்கோ படித்தது, பலரும் சொல்வது, அவ்வளவுதான். "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பார்க்கத் தொடங்கியபின், நான் சொன்ன அந்த ஒற்றை வரி எவ்வளவு அவசரமானது என்று விளங்கியது. அப்படிப் பார்த்ததை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நற்செய்திகளின் மௌனம்

முதல் ஏடு விவிலியம். நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் மாற்கு, இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறும் காலத்தில் கதையைத் தொடங்குகிறார். யோவான், படைப்புக்கும் முற்பட்ட வார்த்தையிலிருந்து தொடங்குகிறார். பிறப்பைப் பாடுபவர்கள் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே. அவ்விருவரும் நாளைச் சொல்லவில்லை, திங்களைச் சொல்லவில்லை, பருவத்தையும் சொல்லவில்லை.

ஆண்டைக் கணிக்கவும் இடர்ப்பாடு உண்டு. ஏரோது மன்னன் உயிரோடிருந்த காலம் என்கிறார் மத்தேயு. அம்மன்னன் கி.மு. 4 இல் இறந்தான் என்பது பெரும்பாலோர் முடிபு. குரேனியு ஆளுநராக இருந்தபோது எடுத்த குடிக்கணக்கைக் குறிப்பிடுகிறார் லூக்கா. நாம் அறிந்த குரேனியுவின் குடிக்கணக்கு கி.பி. 6 இல் நிகழ்ந்தது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி. இடையர்கள் இரவில் வயல்வெளியில் கிடை காத்தார்கள் என்று லூக்கா கூறுவதை வைத்து, அது குளிர்காலமாக இருக்க முடியாது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் லூக்கா அந்த வரியைப் பருவம் குறிப்பதற்காக எழுதவில்லை. அரண்மனைக்குப் போகாத செய்தி ஆட்டுக்கிடைக்குப் போயிற்று என்று சொல்வதற்காக எழுதினார். இலக்கியம் படிப்போர் இந்த வேறுபாட்டை உணர்வது எளிது.

இறந்த நாளே பிறந்த நாள்

நாளைக் குறித்து வைக்க முதல் தலைமுறையினர் மறந்துவிட்டார்களா? மறந்தார்கள் என்பதைவிட, அவர்கள் பார்வை வேறு திசையில் இருந்தது என்று கூறுவதே பொருந்தும். அவர்களுக்கு ஆண்டின் நடுநாயகமாக விளங்கியது பாஸ்கா. அதாவது கிறித்துவின் பாடும் சாவும் உயிர்த்தெழுதலும். சிலுவைச் சாவு பாஸ்கா விழாவை ஒட்டி நிகழ்ந்தது என்பதை நான்கு நூல்களும் சொல்கின்றன. ஆகவே இறந்த நாளுக்குக் காலக்குறிப்பு உண்டு. பிறந்த நாளுக்கு இல்லை.

அவர்களிடையே வேறொரு வழக்கும் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டார். அச்செய்தியைக் கூறும் மடல், அவர் மறைசாட்சியாக இறந்த நாளையே பிறந்தநாள் என்று குறித்து, ஆண்டுதோறும் கூடிக் கொண்டாடப்போவதாகச் சொல்கிறது. இலத்தீன் மொழியிலும் மறைசாட்சிகளின் இறந்த நாளுக்குப் பிறந்தநாள் என்ற சொல்லே வழங்கிற்று. இது நமக்கு விளங்காத வழக்கன்று. நாயன்மார்களுக்குக் குருபூசை செய்வது அவர்கள் சிவனடி சேர்ந்த நாளில். ஆழ்வார்களுக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுவது அவர்கள் அவதரித்த நாளில். ஒரே மண்ணில் இரு மரபுகள். தொடக்கக் காலக் கிறித்தவர்கள் குருபூசை மரபினர் என்று கொண்டால் அவர்கள் மனப்பாங்கு நமக்குப் பிடிபடும்.

மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஓரிஜன் என்னும் பேரறிஞர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். விவிலியத்தில் தம் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதுமே. அடியார் எவரும் கொண்டாடவில்லை என்று சுட்டுகிறார். அவ்விரு விழாவிலும் ஒவ்வோர் உயிர் பலியானதை நீங்கள் அறிவீர்கள். அரசனின் பிறந்தநாளைப் பாடுவதற்குப் 'பெருமங்கலம்' என்று துறை வகுத்த மொழி நம்முடையது. பிறந்தநாள் கொண்டாட்டம் அரசர்க்குரிய ஆரவாரம் என்ற எண்ணம் ஓரிஜனிடம் இருந்ததை நாம் வியப்பின்றிப் புரிந்துகொள்ளலாம்.

மே, ஏப்பிரல், மார்ச்சு

ஆயினும் ஆர்வம் அடங்கவில்லை. ஏறத்தாழக் கி.பி. 200 இல் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்னும் ஆசிரியர், கிறித்து பிறந்த ஆண்டோடு நாளையும் துருவி ஆராய்வோர் சிலர் உளர் என்று எழுதுகிறார். அவர் தரும் நாள்கள் எகிப்திய நாட்காட்டியைச் சார்ந்தவை. நம் கணக்கிற்கு மாற்றினால் ஒன்று மே 20. மற்றொன்று ஏப்பிரல் 19 அல்லது 20. பசிலிதேசு என்பாரைப் பின்பற்றுவோர் சனவரி 6 அல்லது 10 ஆம் நாளில் இயேசுவின் திருமுழுக்கு விழாவைக் கொண்டாடுகின்றனர் என்றும் அவர் சொல்கிறார். திசம்பர் 25 அந்தப் பட்டியலில் இல்லை.

கி.பி. 243 இல் பாஸ்கா நாளைக் கணக்கிடும் நூல் ஒன்று இலத்தீனில் எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. அதன் வாதம் கவிஞர்களாகிய உங்களுக்குச் சுவை தரும். உலகம் இளவேனிலில், பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் படைக்கப்பட்டது. அது மார்ச்சு 25. விவிலியத்தின் படைப்பு வரலாற்றின்படிக் கதிரவன் உண்டானது நான்காம் நாள். அது மார்ச்சு 28, புதன்கிழமை. கிறித்துவை 'நீதியின் கதிரவன்' என்று கொள்வதனால் அவரும் அதே நாளில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று அந்நூல் முடிக்கிறது.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். இந்த ஆசிரியர் ஊர்ப் பதிவேட்டைத் தேடவில்லை, கிழவர்களைக் கேட்கவில்லை. ஓர் உருவகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் வழியே நடந்து ஒரு நாளுக்குச் சென்று சேர்கிறார். எந்த நாள் உண்மை என்று கேட்பதும், எந்த நாள் பொருந்தும் என்று கேட்பதும் அவருக்கு ஒரே வினாவாக இருந்தன. நமக்கு அவை இரண்டு வினாக்கள். அந்தக் காலத்தை அளக்கும்போது இதை மறந்தால் பிழைபடுவோம்.

ஒரே ஏட்டில் இரண்டு குறிப்புகள்

இனி என் மாணவி கேட்ட ஏட்டுக்கு வருகிறேன். கி.பி. 354 இல் உரோமையில் ஃபிலோகாலுசு என்னும் எழுத்துக் கலைஞர், வாலந்தீனுசு என்னும் ஒருவருக்காக ஒரு தொகுப்பேடு ஆக்கித் தந்தார். அந்த மூல ஏடு இன்று இல்லை. பிற்காலப் படிகளே எஞ்சியுள்ளன. நம் ஓலைச்சுவடிகளின் கதையை அறிந்தவர்களுக்கு இது பழகிய துயரம்.

அதில் உரோமைத் திருச்சபை நினைவுகூரும் மறைசாட்சிகளின் பட்டியல் ஒன்று உள்ளது. ஏடு 354 ஆம் ஆண்டினது என்றாலும் பட்டியல் 336 அளவில் தொகுக்கப்பட்டது என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். அதன் தலைப்பில், திசம்பர் 25 ஆம் நாளுக்கு நேராக, யூதேயாவின் பெத்லகேமில் கிறித்து பிறந்தார் என்ற குறிப்பு காணப்படுகிறது. திசம்பர் 25 விழாவுக்கு ஐயமின்றிக் காலம் சொல்லத்தக்க முதற்சான்று இதுவே. இறந்தவர்களின் பட்டியலுக்கு முதல் வரியாக ஒரு பிறப்பு நிற்கிறது என்பதையும் கருதிப் பாருங்கள்.

அதே தொகுப்பில் அரசு விழாக்களின் நாட்காட்டி ஒன்றும் உண்டு. அங்கும் திசம்பர் 25 க்கு நேராக ஒரு குறிப்பு: வெல்லப்படாதவனின் பிறந்தநாள், முப்பது தேரோட்டங்கள். வெல்லப்படாதவன் என்பது கதிரவனைக் குறிக்கும். கி.பி. 274 இல் பேரரசன் அவுரேலியன் உரோமையில் வெல்லற்கரிய கதிரவனுக்குக் கோயில் எழுப்பினான்.

இதைக் கண்டதும், நான் வகுப்பில் சொன்னது சரிதான் போலும் என்று மகிழத் தோன்றும். எனக்கும் ஒரு மாலைப்பொழுது அப்படித் தோன்றியது. ஆனால் அவுரேலியன் தன் கோயிலைத் திசம்பர் 25 இல் திறந்தான் என்று எந்தப் பழைய ஏடும் நேராகச் சொல்லவில்லை, அது ஊகம். அந்த நாளில் கதிரவனுக்குத் தேரோட்டம் நடந்ததற்குத் தெளிவான முதற்சான்றும் இதே 354 ஆம் ஆண்டு ஏடுதான். கிறித்தவர்கள் கதிரவன் விழாவை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும் பழைய குறிப்பு ஒன்று உண்டு. அது பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சிரியாக்கு உரையாசிரியர் ஒருவருடைய ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்டது. நிகழ்ச்சிக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், சனவரி 6 ஐப் போற்றும் மரபில் நின்ற ஒருவர் எழுதியது. சான்றாகக் கொள்ளலாம், ஆனால் எத்தகைய சான்று என்று சொல்லாமல் கொள்ளக்கூடாது.

இரு விளக்கங்கள்

இன்று ஆய்வுலகில் இரு விளக்கங்கள் எதிரெதிரே நிற்கின்றன. முதலாவது, கதிரவன் விழாவுக்கு மாற்றாகவோ எதிராகவோ இந்த நாள் கொள்ளப்பட்டது என்பது. 1889 இல் எர்மன் ஊசனர் என்னும் செருமானிய அறிஞர் இவ்வழியில் விரிவாக எழுதினார்.

இரண்டாவது, கணக்கு வழியாகப் பெறப்பட்டது என்பது. அதே 1889 இல் பிரான்சு நாட்டு லூயி துசேன் இதை முன்வைத்தார். கிறித்து இறந்த நாளை மார்ச்சு 25 என்று தெர்த்தூலியன் போன்ற இலத்தீன் ஆசிரியர்கள் கொண்டிருந்தனர். பெரியோர் இவ்வுலகில் முழு ஆண்டுகளே வாழ்வர், குறையாண்டு அவர்க்கு இல்லை என்பது ஒரு பழைய நம்பிக்கை. முதுபெருந் தந்தையர் பிறந்த திங்களிலேயே இறந்தனர் என்று யூத அறிஞர்களும் பேசினர். அப்படியானால் கிறித்து கருவுற்ற நாளும் மார்ச்சு 25. அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் திசம்பர் 25. சின்ன ஆசியாவில் ஒரு பிரிவினர் ஏப்பிரல் 6 ஐப் பாஸ்கா நாளாகக் கொண்டனர் என்று ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசோமன் எழுதுகிறார். அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் சனவரி 6. மேற்கின் நாளும் கிழக்கின் நாளும் ஒரே கணக்கில் விழுவது இவ்விளக்கத்தின் வலிமை.

இதற்கும் குறை உண்டு. இந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லும் ஏடுகள், விழா தோன்றியதற்குப் பிற்பட்டவை. புனித அகுசுத்தீனார் திரித்துவம் பற்றிய தம் நூலில், கருவுற்ற நாளும் பாடுபட்ட நாளும் மார்ச்சு 25 என்று எழுதுவது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். யூதர் கூற்றோ பிறப்பையும் இறப்பையும் இணைக்கிறதே அன்றிக் கருவுறுதலைப் பேசவில்லை. ஆகவே இதுவும் முற்ற முடிந்த முடிபு அன்று.

என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இவ்விரண்டும் தோன்றுமளவுக்குப் பகை விளக்கங்கள் அல்ல. ஜூலியசு சீசர் வகுத்த நாட்காட்டியில், மரபுவழி, மார்ச்சு 25 என்பது பகலும் இரவும் ஒத்த நாள். திசம்பர் 25 என்பது கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். நான்காம் நூற்றாண்டில் வானத்துக் கதிரவன் ஏறத்தாழத் திசம்பர் 21 இலேயே திரும்பிவிட்டான் என்றாலும் ஏடு 25 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டவரும் கதிரவனைப் பார்த்தே கணக்குப் போட்டார். கதிரவனைத் தொழுதவரும் அதே நாட்காட்டியைப் பார்த்தே தொழுதார். ஒரே ஊரில், ஒரே வானத்தின்கீழ், இரு கூட்டத்தார் ஒரே நாளில் ஒளியின் பிறப்பைக் கண்டனர். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று அறுதியிட ஏடு இடந்தரவில்லை.

கிழக்கில் ஒரு வாதம்

கிழக்கில் சனவரி 6 வேரூன்றியிருந்தது. அது திருக்காட்சிப் பெருவிழா. நம் ஊர்களில் மூன்று இராசாக்கள் திருநாள் என்று வழங்குவது. சில இடங்களில் பிறப்பும் திருமுழுக்கும் சேர்த்தே அந்நாளில் கொண்டாடப்பட்டன. மேற்கின் நாள் அங்குச் சென்றபோது எதிர்ப்பு எழுந்தது.

பெரும்பாலோர் கருத்துப்படி 386 ஆம் ஆண்டு. அந்தியோக்கியா நகரில் பொன்வாய் யோவான் என்று புகழ்பெற்ற கிறிசோசுத்தோம் திசம்பர் 25 அன்று மறையுரை ஆற்றினார். இவ்விழா நம்மிடம் வந்து இன்னும் பத்தாண்டு ஆகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புதிது என்று சிலரும் பழையது என்று சிலரும் பூசலிட்டதையும் மறைக்கவில்லை. பிறகு வாதத்தைத் தொடங்குகிறார். செக்கரியா ஆலயத்தில் தூபங்காட்டியபோது வானதூதர் தோன்றினார், அது செப்டம்பரில் வரும் பாவக்கழுவாய் நாள், எலிசபெத்து கருவுற்ற ஆறாம் திங்களில் மரியாள் கருவுற்றார், ஆகவே மார்ச்சு, ஆகவே திசம்பர். சொல்வன்மை மிக்க வாதம். ஆனால் அடித்தளம் நழுவுகிறது. பாவக்கழுவாய் நாளின் சடங்கு தலைமைக் குருவுக்குரியது. லூக்காவின் செக்கரியா, சீட்டு விழுந்ததனால் தூபங்காட்டச் சென்ற ஒரு குரு மட்டுமே.

எனினும் விழா பரவியது. 432 இல் அலெக்சாந்திரியாவில் திசம்பர் 25 அன்று மறையுரை நிகழ்ந்ததற்குச் சான்று உண்டு. எருசலேம் ஆறாம் நூற்றாண்டு வரை இணங்கவில்லை. ஆர்மீனியத் திருச்சபை இன்றளவும் இணங்கவில்லை. அதற்குச் சனவரி 6 தான். பின்னாளில் கிரகோரியன் நாட்காட்டி வந்து வேறுபாட்டை இன்னும் கூட்டியது. இன்று பெத்லகேமின் பிறப்புக் கோயிலில் கத்தோலிக்கர்க்குத் திசம்பர் 25, கிரேக்க வைதீகத் திருச்சபையார்க்குச் சனவரி 7, ஆர்மீனியர்க்குச் சனவரி 19 என மூன்று முறை அப்பிறப்பு கொண்டாடப்படுகிறது. உக்ரைன் நாடோ 2023 இல்தான் சனவரி 7 ஐ விட்டுத் திசம்பர் 25 க்கு மாறியது. நாள் குறிக்கும் வேலை முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?

கவிஞர்களுக்கு ஒரு சொல்

நாள் நிலைத்தபின் அதற்குப் பொருள் ஊட்டியவர்கள் சொல்லாற்றல் மிக்கவர்கள். திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள் சூன் 24. அன்றுமுதல் பகல் குறையத் தொடங்கும். கிறித்துவின் பிறந்தநாள் முதல் பகல் வளரத் தொடங்கும். அவர் வளர வேண்டும், தாம் குறைய வேண்டும் என்று யோவான் சொன்னதாக நற்செய்தியில் வரும் கூற்றை அகுசுத்தீனார் வானத்திலேயே எழுதிக் காட்டிவிட்டார். அவரே, இந்நாளைக் கதிரவனுக்காகக் கொண்டாடாதீர், கதிரவனைப் படைத்தவருக்காகக் கொண்டாடுங்கள் என்ற கருத்தையும் வலியுறுத்துகிறார். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் உரோமை ஆயர் பெரிய லியோ, தூய பேதுரு பேராலயப் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று எழும் ஞாயிற்றை வணங்குகிற கிறித்தவர்களைக் கடிந்துகொள்கிறார். அந்த எளிய மக்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் எந்த ஏட்டையும் படித்தவர்கள் அல்லர். ஒளி வந்தது; வணங்கினார்கள். உருவகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று வரம்பு கட்டுவது ஆயருக்கே கடினமாக இருந்திருக்கிறது.

உருவகத்தால் ஒரு நாளைக் கண்டடைந்தது பொய்யாகுமா என்று நீங்கள் கேட்கலாம். வள்ளுவர் பிறந்த நாளை நாம் எந்தப் பதிவேட்டிலும் கண்டதில்லை; ஆயினும் தைத் திங்கள் இரண்டாம் நாளைத் திருவள்ளுவர் நாளாகப் போற்றுகிறோம். குற்றம் நாளைத் தேர்ந்ததில் இல்லை. தேர்ந்த நாளைக் கண்டெடுத்த நாள் என்று சாதிப்பதில் குற்றம் உண்டு. அதைப்போலவே, தேர்ந்தவர்களைத் திருடியவர்கள் என்று சான்றின்றிச் சொல்வதிலும் குற்றம் உண்டு. முதற்குற்றம் பக்தருக்கு எளிதில் நேரும். இரண்டாவது என் போன்ற படித்தவர்களுக்கு நேரும், எனக்கு நேர்ந்தது.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். நான் பார்த்து முடிப்பதற்குள் அவள் ஆண்டு முடிந்துவிட்டது. இப்போது அதே வினா வகுப்பில் எழும்போது நான் கரும்பலகையில் முதலில் எழுதுவது 354 என்ற எண்ணை. அதன்கீழ் இரு குறிப்புகளையும் எழுதுகிறேன். இவ்வளவுதான் ஏடு சொல்கிறது, இதற்குமேல் அறிஞர் ஊகம் என்று கோடு போடுகிறேன். விடை முன்னைவிட நீண்டுவிட்டது. அன்றைக்குள் அடுத்த பாடலுக்குப் போக முடிவதில்லை. அதனால் பாடத்திட்டம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பத்தாண்டு நிறைந்த இந்த வட்டத்திற்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. முதற்கூட்டம் எந்த நாளில் நடந்தது என்பதில் மூத்த உறுப்பினர் இருவருக்கிடையே இன்னும் வழக்கு இருப்பதாகச் செயலாளர் சொன்னார். குறிப்பேடு இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். இல்லையேல், எல்லாருக்கும் பொருந்தும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்தோம் என்பதையும் மலரில் ஒரு வரி எழுதி வையுங்கள். பின்வருவோர் நன்றி சொல்வார்கள்.